ஈசானிய மூலையில் இருபத்தைந்து கெஜம்

புஷ்பவல்லி வீட்டுக்குத் துப்பாக்கி வந்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மண்மேடு என்றதும்தான் தகராறு வந்தது.

ஹூஸ்டனுக்கு வடமேற்கே, நகர எல்லைக்கு வெளியே, பன்னிரண்டு ஏக்கர் நிலத்தோடு ஒரு வீடு வாங்கி அவர்கள் குடிவந்தது தொண்ணூற்றாறாம் வருஷம். கணவர் ஜம்புநாதன் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் குழாய் வடிவமைக்கும் இன்ஜினியர். புஷ்பவல்லிக்கு ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை வேலை. பதினெட்டு வருஷத்தில் ஒரு குப்பிக்குக்கூடப் பேர் மாற்றி ஒட்டியதில்லை. பேச்சு குறைவு. ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடைகளில் மளிகை வாங்கும்போது தெரிந்தவர்கள் எதிர்ப்பட்டால் சிரிப்பார். அதற்கு மேல் அவர்கள்தான் பேச வேண்டும்.

கோயம்புத்தூரில் காலேஜ் படித்தபோது அவர் என்.சி.சி.யில் ரைஃபிள் சுட்டவர். குப்புறப் படுத்து, இருபத்தைந்து கெஜ தூரத்தில், ஐந்து குண்டு. காகிதத்தில் விழும் ஐந்து ஓட்டைகளையும் ஒரு எட்டணாவை வைத்து மூடிவிடலாம். டில்லி முகாமுக்குத் தேர்வானார். அதே வாரம் நிச்சயதார்த்தமும் ஆனது. டில்லிக்கு வேறொரு பெண் போனாள். இதைப் பற்றிப் புஷ்பவல்லி யாரிடமும் வருத்தப்பட்டதில்லை. மறக்கவும் இல்லை. நாற்பத்தைந்தாவது வயதில் கண் டாக்டர் படிக்கிற கண்ணாடி எழுதிக் கொடுத்த அன்றுதான், ரைஃபிள் குழல் நுனியில் இருக்கும் முன்குறி கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும் வருஷங்கள் இனி அதிகமில்லை என்று அவருக்கு உறைத்தது. அடுத்த மாதம் ஒரு .22 ரைஃபிள் வாங்கினார். அதை இரும்பு அலமாரியிலும், தோட்டாக்களை வேறு பெட்டியில் வேறு பூட்டிலும் வைத்தார்.

ஷெரிஃப் ஆபீசுக்குப் போன் செய்து, வீட்டு நிலத்தில் சுடலாமா என்று கேட்டார். தாராளமாகச் சுடலாம், குண்டு வேலியைத் தாண்டக் கூடாது என்றார்கள். எவ்வளவு உயரத்துக்குத் தடுப்பு வேண்டும் என்று கேட்டார். குண்டு தாண்டாத உயரத்துக்கு, மேடம், என்றார்கள்.

பிறகு பன்னிரண்டு ஏக்கரையும் நடந்து பார்த்தார். தெற்கே ரோடு. வடக்கே ஒரு சர்ச். மேற்கே பக்கத்து நிலத்துக்காரர் டுவெய்னும் அவருடைய மாடுகளும். வடகிழக்கு மூலைக்கு அப்பால் மட்டும் ஆளில்லாத புதர்க்காடு. அந்த மூலையில் எட்டடிக்கு மண்ணைக் குவித்து, அதைப் பார்த்துச் சுடுவதாக ஒரு படம் வரைந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

ஜம்புநாதன் படத்தைப் பார்த்தார். எழுந்து போய்க் காம்பஸை எடுத்து வந்து மறுபடி பார்த்தார்.

"புஷ்பா, இது ஈசானியமல்லோ?"

"ஆமாங்க."

"ஈசானியத்துல எவனாச்சும் மண்ணக் குமிப்பானா? மேடு வேணும்னா கன்னி மூலைல போட்டுக்கோ. தென்மேற்கு ஒசரமா இருக்கறது நல்லது."

"அந்தப் பக்கம் டுவெய்ன் இருக்காருங்க."

"அவரு தள்ளித்தான இருக்காரு?"

"குண்டு ஒரு மைல் போகுங்க."

ஈரோட்டுக்குப் போன் போனது. ஜம்புநாதனின் பெரியப்பா மகன் பத்மநாபன் சர்வே இலாகாவில் ரிட்டையராகி வாஸ்து பார்ப்பவர். "எட்டடி மேடா? தம்பி, புள்ள படிப்பு அத்தோட நின்னு போயிரும்" என்றார்.

மகள் கயல் அப்போது மெடிக்கல் காலேஜுக்கு அப்ளை பண்ணியிருந்தாள். "அப்பா, சீரியஸ்லி? எக்ஸாம் எழுதுனது நான். மண்ணு இல்ல" என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவிடம் தனியாக வந்து, "ஆனா இன்டர்வியூ முடியற வரைக்கும் வெய்ட் பண்ணலாமே, மா?" என்றாள்.

புஷ்பவல்லி நான்கு நாள் படத்தை அழித்து அழித்து வரைந்தார். ஐந்தாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டார்: "மேடு வேண்டாங்க. பள்ளம் தோண்டுனா?"

ஈசானியத்தில் பள்ளம் யோகம் என்றார் பத்மநாபன். தோண்டிய மண்ணைக் கன்னி மூலையில் கொட்டினால் இரட்டை யோகம்.

டுவெய்னிடம் மண் தோண்டும் மெஷின் இருந்தது. மேலே தரைமட்டத்தில் தொடங்கி, இருபத்தைந்து கெஜம் சரிந்து இறங்கி, கடைசியில் எட்டடி ஆழத்தில் செங்குத்தான மண்சுவரில் முடிய வேண்டும். மேலே படுத்துக் கீழே பார்த்துச் சுட்டால் குண்டு பூமிக்குள்தான் போகும். படகு இறக்கும் சரிவு என்று நினைத்த டுவெய்ன், என்ன படகு என்று கேட்டார். "ரைஃபிள்" என்றார் புஷ்பவல்லி. டுவெய்ன் எஞ்சினை நிறுத்தி இறங்கி, சரிவை ஒரு முறை குனிந்து பார்த்தார். பிறகு கேட்காமலே இன்னும் ஓரடி ஆழமாகத் தோண்டிக் கொடுத்தார்.

மறுநாள் மழை பிடித்தது. அந்த ஊர்க் களிமண் ஒரு சொட்டை விடாது. மழை விட்டபோது பள்ளத்தில் ஐந்தடித் தண்ணீர். தண்ணீரில் பட்ட குண்டு தவ்வி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதனால் சுடுவதற்கில்லை.

ஜம்புநாதனுக்கோ ஈசானியத்தில் தானாகவே நீர்நிலை அமைந்துவிட்டது. தினமும் ஆபீஸ் போகுமுன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிப்ரவரியில் கயலுக்கு அட்மிஷன் கடிதம் வந்தது. "பாத்தியா?" என்றார். அதன்பிறகு அந்தத் தண்ணீரைத் தொடுவது பற்றிப் பேச்சே இல்லை. ஹூஸ்டனுக்கு மறுகோடியில் இருக்கும் ஷுகர் லேண்டிலிருந்தெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் வந்து பார்த்தன. கலாவதி ஆன்ட்டி மகனுடைய கிரீன் கார்டுக்காக ஒரு பாட்டில் எடுத்துப் போனார்.

புஷ்பவல்லி சனிக்கிழமைதோறும் ரைஃபிளை எடுத்து, காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்து, துடைத்து, சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளியைக் குறிபார்த்துவிட்டு உள்ளே வைத்தார். பிப்ரவரியில் முன்குறி கூர்மையாகத் தெரிந்தது. ஏப்ரலில் அதன் ஓரம் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது.

மே மாதம் ஒருநாள் கணவருடைய காம்பஸையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குப் போய் வந்தார்.

"தண்ணி சரியான எடத்துல இல்லீங்க" என்றார், ரசம் ஊற்றிக்கொண்டே.

"என்னது?"

"மூலையிலிருந்து முப்பத்திரண்டு அடி உள்ள தள்ளி நிக்குது. மூலைன்னா மூலைலதானுங்களே இருக்கோணும்?"

ஜம்புநாதன் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டுப் போய் அளந்தார். முப்பத்திரண்டு அடிதான். முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். மாட்டுத் தீவனக் கடையில் எட்டடி அகலத்தில் தகரத் தொட்டி கிடைக்கிறது, அதை மூலையில் வேலியோரம் வைத்து, பள்ளத்தில் ஒரு பம்ப் போட்டால், தண்ணீர் ஊற ஊறத் தானாகவே தொட்டிக்குப் போய்விடும் என்றார் புஷ்பவல்லி. பத்மநாபன் உத்தமம் என்றார். "ஆனா தம்பி, ஒரு நாள்கூட வத்தக் கூடாது."

குழாயை ஜம்புநாதனே வடிவமைத்தார். ஒரு சுத்திகரிப்பு ஆலைக்குக்கூடப் போதும். மழையில்லாத நாளுக்கென்று கிணற்று மோட்டாரிலிருந்து தனி இணைப்பும் இருந்தது. ஜூன் முதல் வாரம் தொட்டி நிரம்பியது. பள்ளம் காய்ந்து வெடித்தது.

அந்தச் சனிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் முடிந்ததும் ஜம்புநாதன் போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து, கம்பத்தில் சிவப்புக் கொடியை ஏற்றினார். கொடி பறக்கும்போது அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது என்பது புஷ்பவல்லி போட்ட விதி. அவர் காதடைப்பானையும் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு பாயில் குப்புறப் படுத்தார். ஐந்து முறை சத்தம் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெகுநேரம் ஆனது. பிறகு ரைஃபிளைத் திறந்து, காலியென்று பார்த்து, பாயில் வைத்துவிட்டு எழுந்தார்.

இருவரும் சரிவில் இறங்கினார்கள். புஷ்பவல்லி பர்ஸிலிருந்து ஒரு பழைய எட்டணாவை எடுத்துக் காகிதத்தின் மேல் வைத்தார். நான்கு ஓட்டைகள் மறைந்தன. ஐந்தாவது, விரலகலம் தள்ளி வலப்பக்கம் வெளியே நின்றது.

ஜம்புநாதன் காம்பஸை எடுத்தார். "அது அக்கினி மூலைப் பக்கமாத்தான் போயிருக்குது, புஷ்பா. நெருப்புக்கு ஆகற திசைதான். பரவால்ல."

"அது தப்பின குண்டுங்க" என்றார் புஷ்பவல்லி. காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினார்.