ஆற்றுவாயை வெட்டச் சொன்ன ஹஸீனா ராத்தா

கடந்த வெள்ளிக்கிழமை காலை நாவிதன்வெளியில் என் மைத்துனரின் வயல் வரம்பில் நின்றபோது நவ்பரின் அழைப்பு வந்தது. நவ்பர் எங்கள் பிரதேச சபையின் மண் வெட்டும் பெக்கோ இயந்திரச் சாரதி. "சேர், ஹஸீனா ராத்தா மௌத்தாப் போயிட்டாங்க. அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்" என்றார். சேறு படிந்த சாரத்தோடே நான் கடற்கரையோரம் உள்ள அவருடைய ஊருக்குப் புறப்பட்டேன்.

ஹஸீனா அவர்கள் சந்தையில் அரிசிக் கடை நடத்தியவர். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் சபைக்கு வந்தார். கூப்பிட்டால் கையெழுத்துப் போடுவார் என்று நினைத்துத்தான் கட்சிக்காரர்கள் அவரைக் கொண்டுவந்தார்கள். முதற் கூட்டத்தில் அவரிடம் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் இருந்த உறுப்பினர் பதில் சொல்லத் தொடங்கினார். "எனக்கும் வாய் இரிக்கி" என்றார் ஹஸீனா, குரலை உயர்த்தாமலே. அன்றிலிருந்து அவருக்காக யாரும் பேசவில்லை. பிறகு சபைத் தலைவருக்கு அடுத்த உப தவிசாளராகவும் ஆனார். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்த என்னைத் தம்பி என்பார். தமிழனான நானும் ஊராரைப் போல அவரை அக்கா என்ற பொருளில் ராத்தா என்றே அழைத்தேன்.

அவரை அறியாதவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது அவர் உப தவிசாளராக இருந்தபோது வந்த மாரிகால வெள்ளத்தைப் பற்றித்தான்.

எங்கள் வாவி கடலில் கலக்கும் ஆற்றுவாயைக் கடல் மணல் அடைத்துவிடும். மேட்டிலிருந்து வெள்ளம் இறங்கும்போது அந்த மணலை வெட்டிவிடாவிட்டால் தண்ணீர் ஊருக்குள்தான் நிற்கும். வெட்டும் அனுமதியோ கொழும்பிலுள்ள ஒரு திணைக்களத்தின் கையில் இருந்தது. அந்த முறை மழை விடாமல் பெய்தது. பள்ளிக்கூடம் நிரம்பிவிட்டது. தாழ்ந்த வீடுகளில் கட்டிலுக்கு மேலே தண்ணீர். தவிசாளர் வெளிநாட்டில் இருந்ததால் பொறுப்பு ஹஸீனா அவர்களிடம் இருந்தது. நான் கொழும்புக்கு அழைத்தேன். பார்வையிட ஒரு குழு வரும், அதுவரை கை வைக்க வேண்டாம் என்றார்கள். வீதி மூழ்கிக் கிடக்கிறதே, குழு எப்படி வரும் என்று கேட்டேன். தண்ணீர் வடிந்ததும் வருவார்களாம்.

நான் அதை அப்படியே ராத்தாவிடம் சொன்னேன். அனுமதியின்றி வெட்டக்கூடாது என்ற விதியையும் சொன்னேன். ராத்தா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டார். "தண்ணி ஆரிட்ட அனுமதி கேட்டு வந்த, தம்பி? பெக்கோவை எடுக்கச் சொல்லுங்க."

ஆனால் நேரே மணலுக்குப் போகவில்லை. முதலில் வாவிக்கரையிலிருந்த தமிழ் மீனவர்களிடம் போனார். ஆற்றுவாய் திறந்தால் இறால் எல்லாம் கடலுக்குப் போய்விடும். கட்டிய வலைகளும் தோணிகளும் தப்புவது நிச்சயமில்லை. அவர்களின் சங்கத் தலைவர் யோகராசா அண்ணன் வாவியில் கட்டியிருந்த வலைகளைக் கைகாட்டினார். பின்பு, வெட்டத்தான் வேணும், ஆனால் எங்கட தொழிலுக்கு ஆர் பொறுப்பு என்று கேட்டார்.

"நான்" என்றார் ராத்தா.

எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். நவ்பர் மணலை வெட்டினார். தண்ணீர் இரைந்துகொண்டு கடலுக்குப் பாய்ந்தது. மாலைக்குள் வீட்டுப் படிகள் தெரிந்தன. யோகராசா அண்ணனின் தோணியும் இன்னும் பலரின் வலைகளும் அந்தப் பாய்ச்சலோடு போய்விட்டன.

மழை ஓய்ந்தபின் மாவட்டக் கூட்டம் நடந்தது. திணைக்கள அதிகாரி சிங்களத்தில் பேசினார், நான் மொழிபெயர்த்தேன். அனர்த்த நிவாரணம் மத்திய அரசின் வேலை என்றார். சபை தன் அதிகாரத்தை மீறிவிட்டது. வலைகள் போனது வெள்ளத்தால் அல்ல, சபை வெட்டியதால். ஆகவே நட்டஈடு கிடையாது என்று முடித்தார்.

தேநீர் இடைவேளையில் எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வழி சொன்னார். ஆற்றுவாய் தானாக உடைந்தது என்று சொல்லிவிட்டால் போதும். மீனவருக்கு நட்டஈடும் கிடைக்கும், ராத்தாவும் தப்பிக்கொள்வார். எனக்கு அது நல்ல வழியாகவே பட்டது. ராத்தா மறுத்தார். "தானா உடைஞ்ச எண்டு சொன்னா, அடுத்த மாரிக்கும் அது தானா உடையுமட்டும் பாத்துக்கொண்டு இரிக்கச் சொல்லுவாங்க" என்றார்.

கூட்டம் மீண்டும் தொடங்கியதும் எழுந்து நின்றார். "நான் சொல்றத அப்படியே சொல்லுங்க தம்பி. இனிப்புப் பூசாதீங்க" என்று என்னை எச்சரித்துவிட்டுப் பேசினார்.

"வெட்டினது நாங்கதான். மழை எங்கட தலையில பெய்யக்குள்ள முடிவும் நாங்கதான் எடுப்பம். ஆனா வரிய நாடு முழுக்க நீங்கதான் எடுக்கிறீங்க. போன வலைக்குப் பதில் சொல்றது உங்கட கடமை. நாங்க முந்திட்டம் எண்டதுக்காக நீங்க விலகிப் போக ஏலா."

நான் இனிப்புப் பூசவில்லை. அதிகாரி தன் ஆவணக் கோப்பை மூடினார்.

விசாரணை முடியும் வரை அவரை உப தவிசாளர் பதவியிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள். விசாரணை முடியுமுன் சபையின் காலமே முடிந்தது. அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு இடம் கொடுக்கவில்லை. அவர் அசரவில்லை. பாலமுனையில் தெரிந்த தோணிக்காரர்களிடம் இரவல் வலை கேட்டு வாங்கி யோகராசா அண்ணனின் ஆட்களைத் தொழிலுக்கு அனுப்பினார். அவர்களைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்த் திணைக்கள வாசலில் குந்தினார். திரும்பி வந்து, மறுகா மறுகா போனார். கடைசியில் தோணிகளுக்கு நட்டஈடு வந்தது. வலைகளுக்கு இன்றுவரை வரவில்லை.

தூர இருந்து முடிவெடுப்பது தவறு என்று எங்களில் பலர் சொல்வோம். முடிவெடுத்தவர்களே முழுப் பாரத்தையும் சுமக்கட்டும் என்று தூர இருப்பவர்கள் சொல்வார்கள். இரண்டு பேச்சுக்கும் தலையாட்டாத ஒருவராக நான் கண்டது ராத்தாவைத்தான்.

இந்த மாரியிலும் ஆற்றுவாய் அடைபட்டது. இன்றைய தவிசாளர் நோயில் கிடந்த ராத்தாவிடம் யோசனை கேட்கப் போனார், நானும் கூடப் போனேன். தலையணையில் சாய்ந்தபடி அவர் கேட்டது ஒன்றுதான். "என்னட்ட என்னத்துக்கு வந்தீங்க? மீன்காரரிட்ட கேட்டீங்களா?" கேட்கவில்லை. அங்கிருந்து நேரே வாவிக்கரைக்குப் போனோம். மறுநாள் பகலில், வலைகள் எல்லாம் கரையேறிய பிறகு, நவ்பர் மணலை வெட்டினார்.

வெள்ளியன்று அடக்கம் நடந்த மையவாடியில் நல்ல கூட்டம். யோகராசா அண்ணனும் அவருடைய ஆட்களும் மதிலோரம் நின்றார்கள். மூன்று பிடி மண் போடும் முறை வந்தபோது ராத்தாவின் மகன் வந்து அவர்களை உள்ளே அழைத்துப் போனார். அடக்கம் முடிந்தபின் தவிசாளர் என்னிடம் வந்தார். இம்முறை அனுமதியின்றி வெட்டியது யார் என்று திணைக்களம் விளக்கம் கேட்டிருக்கிறதாம். என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"நாங்கதான் எண்டு சொல்லுவம்" என்றார். "வலைக்காரரிட பழைய கணக்கையும் சேர்த்துக் கேப்பம்."

ராத்தா, உங்களை மண்ணுக்குள் விட்டுவிட்டு வருகிறோம், உங்கள் வழக்கை அல்ல. அமைதியாகத் துயிலுங்கள். வலைக்குப் பதில் வரும்வரை அந்தத் திணைக்கள வாசலில் நாங்கள் நிற்போம்.