பத்துப் புள்ளிக்கு ஒரு பெட்டி

1. ஆசாரி கேட்ட கேள்வி

அந்தத் திங்கட்கிழமை தபால் பையை நான் இன்னும் பிரிக்கக்கூட இல்லை, சுப்பையா ஆசாரி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். அறுபதுகளின் கடைசி. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சப் ஆபீஸ். போஸ்ட்மாஸ்டர், நான், ஒரு மேஜை, ஒரு தராசு, அவ்வளவுதான் ஆபீஸ். தபால்காரனாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

“செல்லத்துக்கு மதுரையிலருந்து இன்டர்வியூ கார்டு வந்துச்சா தம்பி? கூடப் படிச்ச புள்ளைகளுக்கெல்லாம் போன வாரமே வந்துருச்சாம். வர்ற வியாழக்கிழமை இன்டர்வியூ. கார்டு இல்லாம உள்ள விட மாட்டாகளாம்.”

செல்லம் அவருடைய மூத்த மகள். ஆசாரிமார் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த முதல் பெண். டீச்சர் டிரெய்னிங்குக்கு மனுப் போட்டிருந்தாள்.

வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். வந்திருந்தது. நீளமான பழுப்புக் கவர். போன வியாழக்கிழமை வந்ததை நான்தான் பத்துப் புள்ளி வீட்டுப் பெட்டியில் போட்டேன்.

2. அந்தப் பெட்டி

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செட்டியார் வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீண்டு கிடந்த அந்த வீட்டில் பத்துப் புள்ளிகள். பாதிப் பேர் மெட்ராஸ், மலேயா என்று இருந்தார்கள். ஆனால் தபாலுக்கு மட்டும் பத்துப் புள்ளிக்கும் சேர்த்து ஒரே ஒரு தகரப் பெட்டி.

அந்தப் பெட்டி என் உயிரை வாங்கியது. யார் முதலில் திறக்கிறார்களோ அவர்கள் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போவார்கள். பிறகு நினைவு வந்தால் பங்கு பிரிப்பார்கள். “தெரியாமப் பிரிச்சுட்டேன்” என்று இன்லேண்டைக் கொடுக்கிறவருக்கு, உள்ளே இருக்கிற சேதி முழுக்க மனப்பாடமாக இருக்கும். முகூர்த்த மாதத்தில் பத்திரிகைகள் பெட்டி வாய் வரை நிறைந்துவிடும். அதற்கு மேல் வருவது கீழே விழும், அதைத் தெரு ஆடு பார்த்துக்கொள்ளும். தபால் வரவில்லை என்று வீட்டுக்காரர்கள் என்னை ஏசுவார்கள். புகார் வந்தது என்று போஸ்ட்மாஸ்டர் ஏசுவார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

ஆசாரிமார் தெருவில் அப்போது கதவு எண் கிடையாது. சர்க்கார் காகிதம் எதற்கும் அவர்கள் ‘கேர் ஆஃப்’ என்று பெரிய வீட்டு விலாசத்தைத்தான் கொடுப்பார்கள். அப்படி வருவதை நான் உரியவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த வியாழக்கிழமை ஆனி மாதத்து வெயில் மண்டையைப் பிளந்தது. ஊருணியைச் சுற்றி அரை மைல் நடக்க வேண்டும். பெரிய வீட்டுக்காரர்கள் கொடுத்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பெட்டியில் போட்டுவிட்டு நிழலைப் பார்த்து நடந்தேன்.

3. பூட்டிய அறை

ஆசாரியைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். பெட்டி காலி. வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளை வந்தார்.

“உமையாள் ஆச்சி கோயில் காரியமா வந்திருந்தாக. பெட்டியில இருந்ததைப் பூராம் அள்ளிக்கிட்டுப் போயி அறையில வச்சாக. எல்லாம் அவுகளுக்கு வர்ற வாரப் பத்திரிகைன்னு நெனச்சிருப்பாக. சனிக்கிழமை ரயிலுக்கு மெட்ராஸ் போயிட்டாக.”

“சாவி?”

“சாவிய யாராச்சும் விட்டுட்டுப் போவாகளா? அவுக இடுப்புல இருக்கு.”

அந்த வீட்டில் ஒரு புள்ளியின் அறையை இன்னொரு புள்ளி திறக்க மாட்டார். கூடப் பிறந்தவராக இருந்தாலும் சரி. எனக்கு அந்த முறையெல்லாம் மண்டையில் ஏறவில்லை. பூட்டை உடைத்துவிடலாம் என்றேன்.

ஆசாரி கதவுச் சட்டத்தைத் தடவிக்கொண்டே பேசினார். “உடைக்கவே வேணாம் தம்பி. இது நான் மாட்டுன கதவு. இது சுத்துற குடுமிக்கு எங்குட்டு ஆப்பு வச்சிருக்குன்னு எனக்குத் தெரியும். ரெண்டு தட்டுத் தட்டுனா பூட்டு பூட்டுனபடியே இருக்கும், கதவு கையில வந்துரும்.”

“அப்பத் தட்டுங்கண்ணே!”

“தட்ட மாட்டேன். உடையவுக இல்லாதப்ப ஆசாரி கதவைக் கழட்டுனான்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா, அப்புறம் இந்த ஊர்ல எவன் என்னயக் கதவு மாட்டக் கூப்பிடுவான்? எம்புள்ளைக்குக் குடுத்து வச்சது அம்புட்டுத்தான்னு போக வேண்டியதுதான்.” சொல்லிவிட்டு முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்குத் தாங்கவில்லை. “அண்ணே, அந்தக் கவர நான் ஒங்க வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்திருக்கணும். வெயிலுக்குப் பயந்து பெட்டியில போட்டுட்டேன்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏசுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். கணக்குப்பிள்ளை பக்கம் திரும்பி, “ஆச்சியோட மெட்ராஸ் விலாசம் இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

4. தந்தி

எங்கள் ஆபீஸில் தந்தி வசதி கிடையாது. காரைக்குடிக்குத்தான் போக வேண்டும். போஸ்ட்மாஸ்டரிடம் உள்ளதைச் சொன்னேன்.

“அரை மைல் நடக்க வலிச்சவன் இப்ப எட்டு மைல் சைக்கிள் மிதி. பைய இங்க வச்சுட்டுக் கெளம்பு” என்றார். அன்றைக்கு என் தபால் முழுவதையும் அந்த மனிதர், அறுபதை நெருங்குகிற வயதில், குடையைப் பிடித்துக்கொண்டு தானே கொண்டுபோய்க் கொடுத்தார். மேலதிகாரிகளுக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் என் வேலை அன்றோடு முடிந்திருக்கும். அவர் எழுதவில்லை.

செல்லத்தின் கார்டு உங்கள் அறையில் இருக்கிறது, வியாழன் இன்டர்வியூ, கதவைத் திறக்க உத்தரவு வேண்டும் என்று தந்தி கொடுத்தேன். செவ்வாய் முழுவதும் பதில் இல்லை. சாயங்காலம் செல்லமே ஆபீஸுக்கு வந்தாள்.

“கெடைக்காட்டியும் மனசு சங்கடப்படாதீகண்ணே. அடுத்த வருசம் போட்டுக்கிறேன். எங்களுக்காக வெயில்ல காரைக்குடி வரைக்கும் போனீகளாம்ல” என்றாள்.

என் தப்பை அவளுடைய அப்பா அவளிடம் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தந்திச் சேவகர் வந்தார். ஆச்சியின் பதில் இதுதான்: ‘ஆசாரியே திறக்கட்டும். வேறு யாரும் தொட வேண்டாம்.’

ஆசாரி அதற்கும் அவசரப்படவில்லை. வீட்டில் இருந்த மூன்று புள்ளிக்காரர்களையும் வரச்சொல்லி, கணக்குப்பிள்ளையைத் தந்தியை உரக்கப் படிக்கச் சொன்னார். பிறகுதான் உட்கார்ந்து உளியை எடுத்தார். இரண்டு தட்டு. பூட்டு தொங்கியபடியே இருக்க, கதவு அவர் தோளில் சாய்ந்தது. அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. கணக்குப்பிள்ளைதான் உள்ளே போய், பத்திரிகைக் கட்டுக்குள் சொருகிக் கிடந்த பழுப்புக் கவரைக் கொண்டுவந்தார். கதவைத் திரும்ப மாட்டி, ஆப்பை இறுக்கி, துண்டால் கையைத் துடைத்த பிறகே ஆசாரி அதை வாங்கினார்.

செல்லம் மத்தியான பஸ்ஸில் மதுரைக்குப் போனாள்.

5. பத்து வாய்

பத்து நாள் கழித்து ஆச்சி ஊருக்கு வந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பயந்துகொண்டே போனேன்.

“தப்பாப் போட்டது நீ, பாக்காம அள்ளுனது நான். பழைய தேக்குப் பலகை கெடக்கு, எடுத்து ஆசாரிக்கிட்டக் குடு. புள்ளிக்கு ஒரு வாய் வச்சு நல்ல பெட்டியாச் செய்யட்டும்” என்றார்கள்.

பத்து வாய், பத்துப் பூட்டு என்று பெட்டி தயாரானது. தகரப் பெட்டி கோழி அடைக்கப் போனது. மாட்டுகிற அன்று ஆசாரியிடம் கேட்டேன்: “கேர் ஆஃப் கடுதாசிக்குன்னு பதினொண்ணாவது வாய் ஒண்ணு வச்சிருக்கலாம்லண்ணே?”

“அதுக்குத்தான் ஒங்களுக்குக் காலு இருக்கே” என்றார்.

அடுத்த மாதம் செல்லத்துக்கு இடம் கிடைத்த கடிதம் வந்தது. அதே கேர் ஆஃப், அதே வெயில். ஊருணியைச் சுற்றி நடந்து போய் அவள் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு அழுதாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு, மனதில் உறுத்தியதைச் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

“செல்லம், அந்தக் கார்டு அன்னைக்குத் தாமதமானது யாரால தெரியுமா…”

“தெரியும்ணே. அப்பா சொல்லலை. கவருக்குப் பின்னால நம்ம ஊரு முத்திரை இருந்துச்சே, அதுல தேதி இருந்துச்சே” என்றாள்.

வருகிற தபால் ஒவ்வொன்றின் முதுகிலும் வந்த தேதியை முத்திரையாகக் குத்துவது என் வேலை. என் தப்புக்கு நானே சாட்சி எழுதி அவள் கையில் கொடுத்திருக்கிறேன். அதை ஒரு புகார்க் கடிதத்தோடு அனுப்ப அவளுக்குப் பதினைந்து பைசா போதும்.

“அந்தக் கவர் இப்ப எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“அடுப்புல போட்டுட்டேன்ணே” என்றாள்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் தபால் கொடுத்தேன். கேர் ஆஃப் என்று எழுதிய ஒரு கடிதத்தைக்கூடப் பெட்டியில் போட்டதில்லை.