எந்த டேரா?

வரன் பார்க்கும் தொழிலில் பையன் எப்படி, பொண்ணு எப்படி என்பதெல்லாம் அஞ்சாவது ஆறாவது கேள்வி, முதல் கேள்வி, "எந்த வீடு?"

எங்கள் ரிஷ்தா ஆபீஸ் ஆம்பூரில், ஷூவுக்கு லேஸ், பக்கிள் விற்கிற கடையின் மாடியில் இருக்கிறது. முதலாளி ஜமீலா ஆபா பேசுவார். நான் டைப் அடிப்பேன், போன் போடுவேன், போட்டோ ஒட்டுவேன். பிளஸ் ஒன் பாதியில் ஸ்கூலை விட்டு நின்றவள் நான். பெரிய காரணம் எதுவும் இல்லை, பிடிக்கவில்லை, நின்றுவிட்டேன். உங்கள் வீட்டில் கல்யாண வயதில் ஒருத்தர் இருந்தால் இப்படி ஓர் ஆபீஸில் மூன்று பக்க ஃபாரத்தை நீங்களும் நிரப்பியிருப்பீர்கள், முதுகு வலித்திருக்கும். எனக்கு அது தினமும் வலிக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். எங்கள் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் நிறைய பேருக்கு இரண்டு இனிஷியல். ஒன்று அப்பா பேர், இன்னொன்று வீட்டுப் பேர். வீட்டுப் பேர் அப்பா வழியாக மட்டும்தான் வரும். கல்யாணப் பேச்சு என்றால் முதலில் அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள்.

ஃபாரத்தில் ஒரு கூடாரம்

ஷாஹினுக்கு இருபத்தாறு வயது. ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். அப்பா இல்லை, அம்மா மட்டும். வீட்டுப் பேர் என்கிற இடத்தில் 'டேரா', அதாவது கூடாரம், என்று எழுதியிருந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்துத் திரும்பக் கேட்டேன். அதுதான் என்றாள். எங்கள் ஃபைலில் நூற்றுக்கணக்கில் வீட்டுப் பேர் இருக்கிறது, டேரா ஒன்றுகூட இல்லை.

ஷாஹினுக்கு முன்பே அஞ்சு இடம் பார்த்து விட்டுப்போயிருந்தது. எல்லோரும் வேலையை விடச் சொன்னார்கள். ஆறாவது மேல்விஷாரத்து இர்பான், டேனரியில் சாயப் பிரிவு சூப்பர்வைசர். ரெண்டு அம்மாக்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் ஆபீஸிலேயே பத்து நிமிஷம் பேசினார்கள். அவர் போனதும் ஷாஹின் என்னிடம் வந்து, "சல்மா, அவரு வேலைய விடுன்னு சொல்லவே இல்ல. ஒரு நாளைக்கு எத்தன ஜோடி ரிஜெக்ட் பண்ணுவேன்னு கேட்டாரு," என்றாள். முகமெல்லாம் பல். இந்த இடம் அமையாவிட்டால் இனிமேல் ஃபாரமே நிரப்பப் போவதில்லை என்றும் சொன்னாள். சும்மா சொல்கிற ஆள் இல்லை அவள்.

மறுநாள் இர்பானின் அம்மா, சித்தி முறைக்கு நான் காலா என்று கூப்பிடுகிறவர், போன் போட்டார். வாணியம்பாடியில் வேறு பொண்ணு ஒன்று தயாராக இருக்கிறதாம். ரெண்டு வாரம் டைம் தருகிறாராம், அதற்குள் ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டுமாம்.

"பொண்ணு தங்கமான பொண்ணு ஆபா, நான் இல்லன்னே சொல்லல. ஆனா டேரான்னா எந்த டேரா?"

பந்தல்காரர் அனுப்பிய பதில்

ஆபா இந்த வேலையை என் தலையில் கட்டினார். முதலில் போனில் தேடினேன். பாலைவனத்தில் கூடாரம் போட்டு ராத்திரி தங்குகிற ஓட்டல்கள் வந்தன. படம் அழகாக இருந்தது, உபயோகமில்லை. அடுத்து, எல்லா ஊர் ரிஷ்தா ஆபீஸும் பந்தல்காரர்களும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் 'டேரா வீடு யாருக்காவது தெரியுமா?' என்று போட்டேன். முதல் பதில் ஆற்காட்டுப் பந்தல்காரரிடமிருந்து வந்தது. எத்தனை அடிக்கு எத்தனை அடி பந்தல், சேர் வேண்டுமா, என்றைக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார்.

நாலு நாள் அலைந்து கிடைத்த கணக்கு இது: ஆம்பூரில் ஒரே தெருவில் மூன்று வீடு, மேல்விஷாரத்தில் நாலு, ஆலங்காயத்தில் ஒன்று. உலகத்தில் டேரா அவ்வளவுதான். ஒரு தாளில் பாலாற்றை வளைவாக வரைந்து மூன்று புள்ளி வைத்தேன். ஸ்கூலில்கூட இவ்வளவு சுத்தமாக மேப் வரைந்ததில்லை.

ஆம்பூர் தெருவுக்கு நேரில் போனேன். மற்ற இரண்டு வீட்டிலும் இருந்தவர்கள் வெளியூரிலிருந்து வாழ வந்த மருமகள்கள், அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஷாஹினின் அம்மாவும் மருமகளாக வந்தவர்தான். இந்தப் பேர் எப்படி வந்தது, யார் வைத்தார்கள் என்று அவரைக் கேட்டேன். சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"எனக்கு எப்டிம்மா தெரியும்? இவங்கப்பா இருந்த வரைக்கும் நாங்க கேக்கல. இப்ப நீங்க ஃபாரத்துல கேட்டீங்க, எழுதினோம்."

சட்டத்துக்குள் ஒரு அரண்மனை

மேல்விஷாரத்து நாலு டேராவும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கிறது. பெரியவர் டேனரி முதலாளி. ஆபாவும் நானும் போனோம். ஏசி ஹாலில் உட்கார வைத்து மக்கன் பேடா கொடுத்தார்கள். விசாரிக்கப் போகிற இடத்தில் இனிப்பு கொடுத்தால் உண்மை வராது என்பது என் அனுபவம்.

அவர் சொன்ன கதை: ஆற்காட்டு நவாப் எங்கே போனாலும் முன்னாலேயே போய்க் கூடாரம் அடிக்கிற இலாகா ஒன்று இருந்தது, அதற்குத் தலைவர் இவருடைய முன்னோர். ஆதாரம் என்று சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். பெரிய கூடாரம், வாசலில் யானை. எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கீழே தேதிக் கட்டத்தை வெட்டியது சரியாக வெட்டுப்படாமல் ஞாயிறு, திங்கள் இரண்டும் பாதி தெரிந்தது. "சாஹிப், இது காலண்டர் படம்," என்றேன். ஆபா என் காலை மிதித்தார்.

பெரியவர் கோபப்படவில்லை. பாவம், பொண்ணு வீட்டார் நல்ல மாதிரி என்றால் செய்யட்டுமே, என்ன இருக்கிறது என்றார். சொந்தம் என்று மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டாராம். ஆம்பூர் டேராக்கள் இவருடைய உறவா என்று ஆபா நேராகவே கேட்டுவிட்டார். அவர் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

"எங்களது அரண்மனைக்குப் போட்ட டேரா ஆபா. அவங்களது மழைக்குப் போட்ட டேரா."

லோடு இறக்கும்போது பேசியவர்

ஆலங்காயத்து டேரா மினி லாரி ஓட்டுகிறார். மலைப்பக்கம் புளி ஏற்றிக்கொண்டு வந்து மண்டியில் இறக்குகிற நேரத்தில் போனை எடுத்தார். நடுநடுவே, "டேய், அந்த மூட்டைய மேல போடு" என்று யாரையோ கத்திக்கொண்டே பேசினார்.

அவருக்குத் தெரிந்த கதை வேறு. அண்ணன் தம்பி மூன்று பேர் கர்நாடகப் பக்கமிருந்து பச்சைத்தோல் வண்டியோடு வந்தார்கள். தோல் நாற்றத்துக்கு யாரும் வீடு தரவில்லை. ஆம்பூர் பக்கம் பாலாற்று மணலில் கூடாரம் போட்டுக் குடும்பம் நடத்தினார்கள். ஊர்க்காரர்கள் டேராக்காரன், டேராக்காரன் என்று கேவலமாகக் கூப்பிட்டு, கடைசியில் அதுவே பேராக நின்றுவிட்டது. பிறகு மூத்தவர் மேல்விஷாரம் போனார், இரண்டாமவர் ஆம்பூரிலேயே இருந்தார், கடைசித் தம்பி சண்டை போட்டுக்கொண்டு ஆலங்காயம் வந்தார்.

ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டேன். அவரிடம் காலண்டர்கூட இல்லை. வழிவழியாகச் சொல்கிறார்களாம், அவ்வளவுதான். மேல்விஷாரத்துப் பெரியவர் இதை ஒத்துக்கமாட்டாரே பாய் என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

"ஒத்துக்காட்டிப் போறாரு. தோ பாரும்மா, அவருகிட்ட ஏசி இருக்குது, எங்கிட்ட தார்ப்பாய் இருக்குது. இதுல இன்னா, யாரு டேரான்னு நீயே சொல்லு."

முன்ஷியின் ஜன்னல்

ரெண்டு கதை கையில் இருந்தது. ஒன்றைச் சொன்னால் காரியம் நடக்கும், அதற்குச் சொந்தக்காரர் உறவை ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொன்றைச் சொன்னால் ஷாஹினின் ஃபாரத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கெடு முடிய மூன்று நாள்.

அன்றைக்கு வேறொரு கஸ்டமருக்கு நிக்காஹ் பதிவு நகல் வாங்க ஷாஹின் தெருப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தேன். பெண்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நிற்போம், கணக்கு எழுதுகிற முன்ஷி உள்ளே பதிவேட்டை, அதாவது தப்தரைப் புரட்டுவார். நிற்கிற நேரத்தில் என் மேப்பைக் காட்டிப் புலம்பினேன். மூன்று புள்ளியைப் பார்த்துவிட்டு, பொண்ணுங்க எங்கே என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். நிக்காஹ் பொண்ணு ஊரில்தான் நடக்கும், அந்த ஊர் தப்தரில்தான் எழுதுவார்கள். டேரா ஆண்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார்கள், டேரா பொண்ணுங்கதான் ஊர் ஊராகப் போயிருப்பார்கள். போன இடத்தில் பிள்ளைகளுக்குப் புருஷன் வீட்டுப் பேர். நான் தேடியது ஆண்களை மட்டும்.

ஒன்றரை வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், இது தோன்றவில்லை. என் மேலேயே எரிச்சல் வந்தது. பழைய தப்தரை எடுக்கச் சொன்னேன். முனகிக்கொண்டே எடுத்தார். உருது எனக்கு வாசிக்க வரும், எழுத்துக் கூட்டி நானும் பார்த்தேன். டேரா வீட்டுப் பொண்ணு, மாப்பிள்ளை பேர்ணாம்பட்டு. டேரா வீட்டுப் பொண்ணு, மாப்பிள்ளை குடியாத்தம். வாணியம்பாடி, ஆற்காடு. பிறகு ஒரு பக்கத்தில் மேல்விஷாரம்: மாப்பிள்ளை மோதி வீட்டு அப்துல் கரீம்.

அந்தப் பேரை நான் டைப் அடித்திருக்கிறேன். இர்பானின் ஃபாரம், மூன்றாம் பக்கம், அம்மாவின் அப்பா பேர். அவருடைய மனைவி யார் என்று கேட்க எங்கள் ஃபாரத்தில் இடமே கிடையாது. எந்த டேரா, எந்த டேரா என்று கேட்டுக்கொண்டிருந்த அம்மாவைப் பெற்றவரே ஆம்பூர் டேரா, ஷாஹினின் தெரு.

போனை வெளியே எடுத்தேன். ஒரு போட்டோ எடுத்துக்கவா என்று கேட்டேன். முன்ஷி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எடு. ஆனா ஒரு பக்கம்தான். எல்லாப் பக்கத்தையும் எடுத்தியானா இந்த ஜில்லாவுல ஒருத்தனும் ஒருத்தன்கிட்ட எந்த வீடுன்னு கேக்க முடியாது."

போட்டோவைத் திருப்பி வாங்க வந்தவர்

ஆபாவிடம் காட்டினேன். வாயைத் திறக்காதே என்றார். மாப்பிள்ளையின் அம்மாவை மடக்கினால் அந்தக் குடும்பத்தில் ஒருவரும் இனி இந்தப் படி ஏறமாட்டார்கள் என்றார். தொழில் முறையில் அவர் சொன்னது சரிதான்.

ரெண்டு வாரம் முடிந்த அன்று இர்பானின் அம்மா வந்தார். பையனின் போட்டோவைத் திருப்பிக் கேட்டார். போட்டோவைத் திருப்பி வாங்கினால் வேண்டாம் என்று அர்த்தம், யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். ஆபா கவரை எடுத்துவிட்டார். நான் போனை நீட்டிவிட்டேன். "காலா, இது உங்க அம்மாதானே?" ஆபாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமும் இல்லை.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பக்கத்தைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, திரும்பப் பெரிதாக்கினார். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றார். "ஷாஹின் தெருப் பேரு கேட்ட அன்னிக்கே தெரியும். எங்கம்மா பேரு ஹசீனா. இதுல எழுதியிருக்குது பாரு. எங்க வீட்டுல அந்தப் பேர ஒருத்தரும் சொன்னது கெடையாது. டேராக்காரி சோறு போடு, டேராக்காரி தண்ணி கொண்டா. சாவுற வரைக்கும் அதான். மேல்விஷாரத்து டேரான்னா பெரிய வீடு, ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். இவங்களும் அந்தச் சொந்தம்னு வந்துட்டா போதும்னுதான் கேட்டேன். இந்தப் பொண்ணையும் அப்டிக் கூப்பிட்டா நான் எங்க போய் நிக்கிறது?"

இதுவரை அவரை நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். அது தப்பு. ஆனாலும் எனக்குத் தோன்றியதைக் கேட்டுவிட்டேன். "அன்னிக்குக் கூப்பிட்டது மாமியார் வீடு. இப்ப மாமியார் நீங்கதானே காலா? நீங்க கூப்பிடாட்டி வேற யாரு கூப்பிடுவாங்க?" அவர் போட்டோ கவரை மேஜை மேல் வைத்துவிட்டு, இர்பானின் ஃபாரத்தை எடுக்கச் சொன்னார். மூன்றாம் பக்கத்தில் அவருடைய அப்பா பேருக்குக் கீழே விரலை வைத்தார்.

"இங்க ஒரு கோடு போடு. அம்மாவோட அம்மா, ஹசீனா பீ, டேரா வீடு, ஆம்பூர். போட்டுட்டு அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணு, நான் பேசறேன்."

ரிஜெக்ட் ஆகாத ஜோடி

பத்து நாளில் தேதி குறித்தார்கள். ஆபா என்னிடம் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. பிறகு எல்லா ஃபாரத்திலும் அந்தக் கோட்டைச் சேர்க்கச் சொன்னார், ஏன் என்று சொல்லவில்லை. மேல்விஷாரத்துப் பெரியவர் விஷயம் தெரிந்து, எதற்கும் இருக்கட்டும் என்று கூடாரப் படத்தை ஒரு பிரதி எடுத்து அனுப்பினார். இந்த முறை தேதிக் கட்டத்தைச் சுத்தமாக வெட்டியிருந்தார்.

பத்திரிகை கொடுக்க ஷாஹின் ஷிப்ட் முடிந்து ஐடி கார்டோடு வந்தாள். நான் அலைந்த கதை முழுக்கச் சொன்னேன். ஆற்காட்டுப் பந்தல்காரர், யானை, புளி மூட்டை எல்லாம். சிரிக்காமல் கேட்டாள்.

"ஆக மொத்தம் ரெண்டு வாரமா என் வீட்டுப் பேரத்தான் எல்லாரும் விசாரிச்சீங்க. என்னப் பத்தி ஒரு ஆளு விசாரிச்சது அந்தப் பத்து நிமிஷம்தான்."

டேரா நவாபிடமிருந்து வந்ததா ஆற்று மணலிலிருந்து வந்ததா என்று எனக்கு இன்னும் தெரியாது, கல்யாணத்துக்கு வந்தவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்கவும் இல்லை. பிரியாணி எத்தனாவது பந்தி ஓடுகிறது என்றுதான் கேட்டார்கள்.