தாத்தா பாட்டி கிடைத்த கடை

மைசூரில் பழைய சாமான் கடை எதைப் பார்த்தாலும் எனக்குக் கால் நின்றுவிடும். நேற்று ஒரு கடையில் தேக்குச் சட்டம் போட்ட படமொன்றைக் கையில் எடுத்தேன். உள்ளே யாரோ ஒரு வயதான தம்பதி.

"ஃப்ரேம்தானே வேணும் மேடம்? போட்டோவைக் கழட்டிடறேன்" என்றார் கடைக்காரர், கன்னட வாடையடிக்கும் தமிழில்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அம்மாவிடமும் ஒரு கடைக்காரர் இதையேதான் சொன்னார். அம்மா நர்ஸ். கான்வென்ட் அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். சம்பளம் வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு இந்த மாதிரிக் கடைகளுக்குக் கிளம்பிவிடுவாள். கைப்பிடி உடைந்த டீ ஜாடி, ஓடாத கடிகாரம் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவோம். அன்று தூசி படிந்த ஒரு படத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுக் கேட்டாள்:

"இந்த அம்மாவோட மூக்கு என் மூக்கு மாதிரியே இல்ல?"

எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். "எனக்கு போட்டோதான் வேணும்" என்றாள் கடைக்காரரிடம்.

அப்பா எதுவும் கேட்காமல் அதை வீட்டுச் சுவரில் மாட்ட ஆணி அடித்தார். அதன்பிறகு கிறிஸ்துமஸ் கேக்கில் முதல் துண்டு அந்தப் படத்துக்குத்தான். "தாத்தா பாட்டிக்கு வச்சுட்டு சாப்பிடு" என்பாள்.

கடைசி நாட்களில் அவளுக்கு எங்கள் யாரையும் அடையாளம் தெரியவில்லை. என்னையே, "நீங்க யாரு சிஸ்டர்?" என்று கேட்பாள். சுவரைப் பார்த்தால் மட்டும், "அம்மா" என்பாள்.

என் கையிலிருந்த படத்தைக் கழற்றக் கடைக்காரர் குறடு ஒன்றை எடுத்தார்.

"வேண்டாம்ணா, கழட்டாதீங்க" என்றேன். "அம்மா அப்பா இல்லாதவங்க யாராவது வருவாங்க."