நெத்திலிக்கு இடம் ஒழித்தது

நாய்க்குட்டி வருவதற்கு முன்பே எங்கள் வீட்டில் குரைப்பும் கடியும் ஆரம்பமாகிவிட்டன. கடித்தது அம்மா. கடிபட்டது நான். அப்பா நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தலை நரைத்த பிறகும் இத்தனை கோபமா என்று என் மகள் கேட்கிறாள். அவளுக்கென்ன, கேட்டுவிட்டுப் போவாள். அவளா அந்தத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தாள்?

இரண்டாவது யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி. புதுச்சேரியில் குருசுக்குப்பத்தில் குடியிருந்தோம். எனக்கு எட்டு வயது, வீட்டுக்கு ஒரே பெண். அப்பா துறைமுகக் கிடங்கில் கணக்கு எழுதினார். கால்சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தொப்பி வைத்துக்கொண்டு போவார், கோவில் வாசலில் நாலு பேர் பார்க்கிற மாதிரி அதைக் கழற்றுவார். வைத்திக்குப்பத்திலிருந்து தினமும் எங்களுக்கு மீன் கொண்டுவரும் மீன்காரம்மாள் அவரை, பிரெஞ்சுக்காரத் துரையைக் கூப்பிடுவது போல, 'முசே' என்றுதான் கூப்பிடுவாள். கால்சட்டை போட்ட எல்லாருமே அவளுக்கு முசேதான். அப்பாவுக்கு அதில் உச்சி குளிர்ந்துவிடும்.

குட்டியைக் கொண்டுவந்தவள் அந்த மீன்காரம்மாள்தான். அந்த நாளில் தெருநாய் பெருத்துவிட்டால் ஆட்கள் தடியும் சுருக்குக் கயிறுமாகக் கிளம்பிவிடுவார்கள். கழுத்தில் பட்டை இருக்கிற நாய் தப்பித்தது. மற்றதையெல்லாம் அங்கேயே அடித்து வண்டியில் போட்டுக்கொண்டு போவார்கள். கடற்கரையில் கட்டுமரத்தின் நிழலில் குட்டி போட்டிருந்த ஒரு நாயை இப்படிக் குட்டிகளோடு அடித்தபோது, ஒரே ஒரு குட்டி மட்டும் ஓடிவந்து மீன்காரம்மாளின் கூடைக்குள் விழுந்துவிட்டது. அவள் கோணியைப் போட்டு மூடி, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, தடிக்காரர்கள் எதிரிலேயே நெத்திலி, நெத்திலி என்று கூவிக்கொண்டு நடந்துவிட்டாளாம். நேராக வந்து எங்கள் வாசலில்தான் இறக்கினாள். கோணியை விலக்கியதும் செம்பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி, வாய் நிறைய நெத்திலி மீனோடு வெளியே குதித்தது. அன்றைக்கே அதற்கு நெத்திலி என்று பெயர் விழுந்துவிட்டது.

அதற்குக் கால் தரையில் பாவவே இல்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தது. கோழிகளைக் கொல்லையெல்லாம் சுற்றி விரட்டியது. அம்மியில் அரைத்து வைத்திருந்த மிளகாயை நக்கிவிட்டு, ஊரைக் கூட்டிக் கத்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குள் பாய்ந்தது. தூக்கி வெளியே விட்டால் என் மேலேயே உதறியது. அண்ணன் தம்பியும் இல்லாத, அக்காள் தங்கையும் இல்லாத ஒரு வீட்டில் வளர்ந்த எனக்கு அந்த ஆட்டத்தைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. இதை நாமே வைத்துக்கொள்ளலாம் என்றேன். எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்று இழுக்கிற அப்பா, அன்றைக்கு மூச்சு விடாமல், "வெச்சிக்கலாமே" என்றார்.

"வெக்கக் கூடாது" என்றாள் அம்மா.

அப்பா அவளைப் பார்க்காமல் மீன்காரம்மாளிடம் திரும்பி, கொஞ்ச நாள் நீயே பார்த்துக்கொள், இங்கே அதற்கு இடம் ஒழித்துவிட்டு வந்து கூட்டிக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்புறம் அவர் பார்த்த வேலை இருக்கிறதே, அதுவரை அவர் ஒரு துரும்பை எடுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. இடுப்பில் கட்டியிருந்த பழைய பெல்ட்டை வெட்டிக் கழுத்துப் பட்டை தைத்தார். தனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டார். துணி வைத்திருந்த மரப்பெட்டியைக் காலி செய்து, பக்கவாட்டில் சாய்த்து வைத்து, இதுதான் நெத்திலிக்கு வீடு என்றார். தனக்கு ஒரு தகர டிரங்குப் பெட்டி வந்து இறங்கியது. கொல்லைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள். மழை ஒழுகுகிற இடத்தில் ஆள் வைத்து ஓடு மாற்றினார். நாய் நனையக் கூடாதில்லையா? ஒரு நாய்க்காக இவ்வளவு செய்கிற அப்பா ஊரில் வேறு யாருக்கு வாய்த்திருக்கிறார் என்று நான் பூரித்துப் போனேன்.

நாய் தமிழில் சொன்னால் சட்டை பண்ணாது, பிரெஞ்சில் சொன்னால்தான் கேட்கும் என்பது அவர் கட்சி. 'படு' என்பதற்கு 'கூஷே' என்று சொல்லிக்கொடுத்தார். நாய் வருகிற வரைக்கும் நான் கோழிகளிடம் சொல்லிப் பழகினேன். ஒரு கோழியும் படுக்கவில்லை. அப்பாவோ காலையில் முகம் கழுவும்போது, சட்டைக்குப் பொத்தான் போடும்போது, சாப்பிடும்போதுகூட பிரெஞ்சை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஒரு நாயிடம் பேசுவதற்கு இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

தெருவுக்கே தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாது. அப்பா சைகோனுக்குக் கப்பலேறுவதாக இருந்தார். எங்கள் ஊருக்கு அது புதிதில்லை. அங்கேயும் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. இங்கேயிருந்து போனவர்களுக்குப் போலீசிலும் சுங்கத்திலும் வேலை கிடைத்துக்கொண்டிருந்தது. போய் வந்தவர்கள் வெள்ளைக் கோட்டும் தங்கப் பல்லுமாகக் கோவிலில் முன்வரிசையில் நின்றார்கள். அப்பாவுக்கு அந்த முன்வரிசை மேல் ஒரு கண். அம்மா மசியவில்லை. போனால் மூன்று பேரும் போக வேண்டும், இல்லையென்றால் நீங்களும் போக வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றாள். ஆம்பளை இல்லாத வீட்டில் ஒரு பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எப்படி இருப்பேன் என்பது அவளுடைய ஒரே கேள்வி. அந்தக் கேள்விக்கு அப்பா கண்டுபிடித்த பதில் வைத்திக்குப்பத்தில் வாலாட்டிக்கொண்டிருந்தது. தனக்குப் பதிலாக ஒரு நாய். அதையும் அவர் தேடிப் போய்ப் பிடிக்கவில்லை. தானாக வந்து வாசலில் குதித்தது.

சொல்லிவிடுகிறேன், போனவர் திரும்பி வரவில்லை. சண்டை வந்துவிட்டது, கப்பல் இல்லை என்றார்கள். சண்டை முடிந்து கப்பல் ஓடிய பிறகும் ஏன் வரவில்லை என்பதை மட்டும் எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்டால் அவள் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

இதெல்லாம் பிறகு. அப்போது என் கோபம் முழுக்க அம்மா மேல்தான். நாங்கள் செய்த ஏற்பாட்டை அவள் ஒவ்வொன்றாகக் கலைத்தாள். வேலியில் இருந்த ஓட்டையை நான் பனையோலை வைத்து அடைத்தேன். அவள் அதைப் பிடுங்கி அடுப்பில் வைத்தாள். மரப்பெட்டியில் விறகை அடுக்கினாள். நெத்திலிக்குச் சோறு வைக்க நான் சாம்பல் போட்டுத் தேய்த்து வைத்திருந்த மண்சட்டியில் கோழிக்குத் தவிடு பிசைந்தாள்.  இவளுக்குப் பிசாசு பிடித்திருக்கிறது என்றே நான் முடிவு கட்டினேன். ஞாயிறு பூசையில் மாதா சுரூபத்துக்கு முன்னால் முட்டி போட்டு, அம்மாவுக்கு நல்ல புத்தி கொடு என்று வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் அவளும் முட்டி போட்டிருந்தாள். அவள் என்ன வேண்டிக்கொண்டாளோ.

ஒருநாள் மீன் அரிந்து கொடுத்துக்கொண்டே மீன்காரம்மாள், "முசே எப்பக்கா கப்பல் ஏறுறாரு?" என்று கேட்டாள்.

"நாயி வந்ததும்" என்றாள் அம்மா.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்பா சரக்குச் சரிபார்க்கப் படகில் போய் அடிக்கடி கப்பல் ஏறி இறங்குகிறவர். அதைப் போய் ஒரு கேள்வியென்று கேட்கிறாளே என்று நினைத்தேன். நாய் வந்ததும் என்று அம்மா சொன்னதில் எனக்குக் குஷிகூட. அப்படியானால் நாய் வரப்போகிறது.

வரவில்லை. அம்மா அசைகிற வழியாயில்லை. அதற்குள் நெத்திலி வைத்திக்குப்பத்தில் தன் கைவரிசையைக் காட்டிவிட்டது. மீன்காரம்மாள் ஒருநாள் கூடையை இறக்கும்போதே புலம்பினாள்.

"இன்னாத்த சொல்றது யக்கா, காயப்போட்ட வலைய கடிச்சிக் கொதறி வெச்சிக்குது. கருவாட்டுல ஒண்ணு மிச்சமில்ல. வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள கூட்டிக்கினு போவலன்னா நாய் வண்டிக்காரங்கிட்ட புடிச்சிக் குடுத்துடுவேன்னு எங்க வூட்டுக்காரரு குதிக்கிறாரு."

நான் அழுதுகொண்டு அப்பாவிடம் ஓடினேன். அவர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து புது பூட்சுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு இன்னா, நான் சரின்னுதான சொல்றேன்? போயி அம்மாவக் கேளு. நீ அழுது கேட்டா அம்மா தட்ட மாட்டா" என்றார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அது அவருக்குக் கைவந்த கலை. அழுகிற பிள்ளையை முதுகைத் தட்டி அனுப்பிவைத்தார். நான் போனேன்.

அம்மா அரிவாள்மணையில் உட்கார்ந்திருந்தாள். கெஞ்சினேன். அதை அடித்துப் போட்டுவிடுவார்கள் என்றேன். "போடட்டும்" என்றாள், தலையைத் தூக்காமல். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"நீ ஒண்ணும் வேணாம். நீ எங்கனா போயிடு. அப்பாவும் நானும் நெத்திலியும் இருந்துக்கறோம்."

இந்த மாதிரி வாய்க்கு எங்கள் வீட்டில் கரண்டிக்காம்புதான் பதில். நான் முதுகை வளைத்துக்கொண்டு காத்திருந்தேன். அடி விழவில்லை. அம்மா என்னைத் தாண்டித் தாழ்வாரத்தைப் பார்த்தாள்.

"கேட்டுதா, உங்க புள்ள சொல்றது?"

"சின்னப் புள்ள, வுடு" என்றார் அப்பா, பூட்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமா, சின்னப் புள்ளதான்" என்றாள் அம்மா. எழுந்து கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். "போயி கூட்டிக்கினு வாங்க. கூட்டிக்கினு வந்து வுட்டுட்டு, நீங்க பண்றதப் பண்ணுங்க."

கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றது வரைக்கும்தான் என் காதில் விழுந்தது. மிச்சத்தை யார் கேட்டார்கள்? நான் அதற்குள் தெருவுக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பாவும் நானும் வைத்திக்குப்பத்துக்குப் போனோம். நெத்திலிக்குப் பட்டை மாட்டுவதற்குள் மீன்காரம்மாள், அவள் புருஷன், நான் மூன்று பேருக்கும் மூச்சு வாங்கிவிட்டது. அப்பா கால்சட்டை மடிப்புக் கலையாமல் ஓரமாக நின்று 'கூஷே, கூஷே' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது நேராகப் போய் அவர் பூட்சின் மேலேயே ஒண்ணுக்கு விட்டது. மீன்காரம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கயிற்றை என் கையில் கொடுத்தாள். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"நாயி நல்ல நாயிதான் முசே. நல்லா கொரைக்கும். கொரச்சா எழுந்து போயி இன்னான்னு பாக்க ஒரு ஆளு வேணும்ல?"

அப்பா அதற்கும் சிரித்தார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடற்கரையெல்லாம் இழுபட்டு, மணலில் விழுந்து எழுந்து, வெற்றியோடு வீடு வந்து சேர்ந்தேன்.

அம்மா வாசலுக்கு வரவில்லை. சாயங்காலம் வரைக்கும் சமையல்கட்டிலேயே இருந்தாள். நெத்திலி வீட்டை ஒரு கை பார்த்தது. கோழிகள் கூரைக்கு ஏறிவிட்டன. என் பாவாடையில் ஒரு கிழிசல். கடைசியில் களைத்துப்போய் என் மடியில் படுத்துக்கொண்டு என் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டிருந்தது. அப்பா எதிரே வந்து உட்கார்ந்தார். ஞானோபதேச வகுப்பில் சாமியார் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டார்.

இனிமேல் இந்த வீட்டை யார் பார்த்துக்கொள்வார்கள்? நானும் நெத்திலியும். அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள்? நாங்கள்தான். ராத்திரியில் பயமாக இருக்காதா? இருக்காது. அப்பா இல்லையே என்று அழ மாட்டாயே? மாட்டேன். எங்களுக்குத்தான் நெத்திலி இருக்கிறதே.

அவர் முகம் அவ்வளவு பிரகாசமாக ஆகி நான் பார்த்ததே இல்லை. என்னிடம் குனிந்து, "கெட்டிக்காரி. இதையே இன்னொரு தடவ சொல்லு. அம்மாவுக்குக் கேக்கற மாதிரி சொல்லு" என்றார்.

நான் நாயை இறக்கிவிட்டு எழுந்து நின்றேன். கையைக் கட்டிக்கொண்டு, கோவிலில் மனப்பாடம் ஒப்பிப்பது போல், ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அப்பா இல்லாவிட்டாலும் எங்களுக்கு ஒன்றும் ஆகாது, நானும் நெத்திலியும் பார்த்துக்கொள்வோம் என்று தெருவுக்கே கேட்கச் சொன்னேன். சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"கேட்டுக்கினியா?" என்று அப்பா உள்ளே பார்த்துக் கேட்டார்.

 சமையல்கட்டுக் கதவு உள்ளேயிருந்து சாத்திக்கொண்டது. அப்பா என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். எங்கள் கட்சி ஜெயித்துவிட்டதென்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கதவு சாத்தியிருக்கிறதே, அம்மாவுக்குச் சரியாகக் கேட்டிருக்காதே என்று, யாரும் கேட்காமலேயே, முன்னைவிட உரக்க, இன்னொரு தடவை சொன்னேன்.