சிவப்பு நூல் கட்டிய பூக்கோசு

என் அம்மா யாரையும் சுலபத்தில் நம்பிவிடமாட்டாள். பால்காரரின் செம்பை மோந்து பார்ப்பாள். கோயிலில் கொடுக்கும் விபூதியைக்கூட விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பூசிக்கொள்வாள். அந்தக் குணத்தில் பாதி எனக்கும் வந்திருந்தது. ஒன்பது வயதுக்கு அதுவே அதிகம்.

அப்போது ரங்கூனில், பசுண்டாங் ஓடைக்குப் பக்கத்து ரயில்வே லைன் வீடு ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்குக் கூட்ஸ் ஷெட்டில் வேலை. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். புரோம் ஊருக்குப் போகும் வண்டியில் ஏறினால் திரும்பி வர இரண்டு மூன்று நாளாகும். மற்ற நேரமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில்தான் கிடப்பார்.

துரை பங்களாத் தோட்டக்காரர் ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பூக்கோசு விதை வாங்கி வந்து போட்டிருந்தார். பூக்கோசுக்குக் குளிர் வேண்டும். அந்த வருஷம் குளிருக்குப் புத்தி பிசகியிருந்தது. மார்கழி முழுக்க வியர்த்துக் கொட்டியது. தையில் இரண்டு நாள் குளிர், நாலு நாள் வெயில். குளிர் போனதென்று நினைத்துப் போர்வைகளைத் துவைத்துப் பெட்டியில் வைத்தோம். மாசி பிறந்ததும் பல் கிட்டுகிற குளிர் வந்து நின்றது. சித்தப்பா மட்டும் கைகளைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார். இலைகளுக்கு நடுவில் எலுமிச்சங்காய் அளவுக்கு வெள்ளை வெள்ளையாகப் பூ கட்டத் தொடங்கியிருந்தது.

அம்மாவுக்கும் அதில் சந்தோஷம்தான். மாசிக் கடைசியில் மதராஸ் கப்பலில் தாத்தாவும் சித்தியும் வருவதாக இருந்தது. சித்தி என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. அவளைச் சித்தப்பாவுக்குக் கட்டி வைப்பதென்று பேசி முடித்திருந்தார்கள். கப்பலிலிருந்து இறங்குகிறவர்களுக்கு முதல் விருந்தே பூக்கோசுக் கறிதான் என்று அம்மா மனத்துக்குள் இலை போட்டுவிட்டாள்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் மா சேன் என்ற பர்மாக்காரப் பெண் இருந்தாள். பாய் விரித்து உட்கார்ந்து சுருட்டுச் சுற்றி விற்பாள். அவளுடைய சொந்தக்காரர்கள் ரங்கூனுக்கு வெளியே மாவ்பியில் தோட்டம் வைத்திருந்தார்கள். அப்பாவுக்குச் சுருட்டு வாங்க நான்தான் போவேன். போகும்போதெல்லாம் பனைவெல்லத் துண்டு ஒன்றை என் கையில் வைத்து அழுத்துவாள். பர்மாக்காரிகள் வசிய மருந்து வைத்துவிடுவார்கள் என்று அம்மா சொல்லியிருந்ததால் நான் அதைத் தின்னமாட்டேன். எங்கள் கறுப்புக் கோழிக்குப் போட்டுவிட்டு, அது மயங்கி விழுகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். கோழி நன்றாகக் கொழுத்தது. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

சித்தப்பா புரோம் வண்டிக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை, தண்ணீர் ஊற்றப் போன அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள். பூக்கோசுச் செடிகளின் இலைகளெல்லாம் மேலே இழுத்துக் குவிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் உச்சியிலும் சிவப்பு நூல் கட்டியிருந்தது. மூடுபனியில் அவை முக்காடு போட்ட ஆட்கள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தன.

"கிட்டப் போகாதடி," என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது சுருட்டு நூல்," என்றாள்.

எனக்கும் தெரிந்தது. அப்பாவின் ஒவ்வொரு சுருட்டின் நுனியிலும் இதே நூலைத்தான் மா சேன் கட்டுவாள்.

"சித்தப்பா வந்ததும் கேக்கலாம்மா," என்றேன்.

"போடி பைத்தியம். கட்டுப்பட்டவன்கிட்டயே கேட்டா கட்டு இன்னும் இறுகும்."

அம்மா அடுப்பங்கரை இடுக்கியையும் கத்தரிக்கோலையும் எடுத்து வந்தாள். கைபடாமல் இடுக்கியால் பிடித்து, ஒவ்வொரு நூலாக வெட்டினாள். எல்லாவற்றையும் மிளகாயும் உப்பும் சேர்த்து அடுப்பில் போட்டாள். திருஷ்டியாக இருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். எங்களுக்கோ கண்ணும் மூக்கும் ஒழுகின. "அப்ப இது திருஷ்டி இல்ல, அதுக்கும் மேல," என்றாள் அம்மா இருமிக்கொண்டே.

அன்று மத்தியானமே குளிர் விட்டுப்போனது. சித்திரையில் அடிக்கிற வெயில் மாசியில் அடித்தது. சித்தப்பா திரும்பி வந்தபோது பூக்களெல்லாம் மஞ்சள் பாரித்து, விரிந்து, பார்க்கச் சகிக்காமல் இருந்தன.

கரி படிந்த முகத்தோடு அவர் பாத்தி நடுவில் நின்றார். கத்துவார் என்று நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். அவர் பூவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நூலெல்லாம் எங்க அண்ணி?"

"எரிச்சுட்டேன்."

"வெயிலு படாம எலைய மூடிக் கட்டணும் அண்ணி. அப்பத்தான் பூ வெள்ளையா இருக்கும்."

"அதுக்கு வாழநாரு இல்லியா தம்பி? செவப்பு நூலுதான் கேட்டுச்சா?"

சித்தப்பா நேரே அடுப்பங்கரைக்குப் போய், அடுப்புக்கு முன்னால் குந்தி, சாம்பலைக் குச்சியால் கிளறிப் பார்த்தார். நூலைத் தேடி யாராவது சாம்பலைக் கிளறுவார்களா? அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொன்னது சரியாய்ப் போச்சா என்று அந்தப் பார்வை கேட்டது. 

பிறகு தோட்டத்து அவரைப் பந்தலுக்குப் பின்னால் போனார். அங்கே அம்மாவின் கண்ணுக்குத் தப்பி ஒரு செடி இருந்திருக்கிறது. அவர் கையோடு கொண்டுவந்த பூ பால்போல இருந்தது. அதன் இலைகளைச் சுற்றிச் சிவப்பு நூல் அப்படியே இருந்தது. குளித்து, வேட்டி மாற்றி, பூவை எடுத்துக்கொண்டு வேலிப்படலைத் திறந்து அந்தப் பக்கம் போனார்.

சாப்பாட்டுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவரும் மா சேனும் மாவ்பிக்குப் போய்விட்டார்கள் என்று அப்பா விசாரித்து வந்து சொன்னார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "ஒண்ண விட்டுட்டேனேடி, ஒண்ண விட்டுட்டேனே," என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அந்த ஒரு நூலையும் வெட்டியிருந்தால் சித்தப்பா வீட்டிலேயே இருந்திருப்பார் என்று ரொம்ப நாள் நம்பினேன்.

சேதி ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் கப்பல் வந்துவிட்டது. தாத்தா எதையும் கேட்டுக்கொள்ளாமல் துண்டை உதறித் தோளில் போட்டபடி வெளியே போனார். அம்மா சித்தியைக் கட்டிக்கொண்டு கதறினாள். சித்தி அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அன்றைக்குச் சோறு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பாத்திரம் கழுவும்போது ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

இவளையும் ஊரில் யாராவது நூலால் கட்டியிருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சித்தி குளிக்கப் போன நேரம் பார்த்து அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்து, புடவை மடிப்பு மடிப்பாக, ரவிக்கைக் கை உள்பட, சிவப்பு நூல் இருக்கிறதா என்று தேடினேன்.

ஒன்றுமே இல்லை. ஊரில் இவளை யாரும் எதனாலும் கட்டவில்லை என்ற நிம்மதியோடு பெட்டியை மூடினேன்.