குளிரில் அணைந்த பம்ப்

கல்லூரி லேபில் அவளுக்குச் ‘சந்தேகம்’ என்று பெயர் வைத்தது சோடாதான். மீட்டர் ஐந்து வோல்ட் காட்டினால், அந்த மீட்டர் சரியா என்று பார்க்க இன்னொரு மீட்டரைத் தேடுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? பதிலுக்கு அவள், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்த தோழிக்குச் ‘சோடா’ என்று வைத்தாள். இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டன. படிப்பு முடிந்ததும் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தார்கள். பதினான்கு வருடம் பக்கத்துப் பக்கத்து மேஜை. சந்தேகம் சர்க்யூட் போடுவாள். அதற்கு வேண்டிய பாகங்களை வரவழைப்பது சோடாவின் வேலை.

கம்பெனிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது, நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்ப். அதன் பவர் சப்ளை முழுக்க அவள் கைவேலை. முதலில் போன ஐந்நூறு பம்ப்புகள் மூன்று வருடம் மூச்சுக் காட்டாமல் ஓடின. இரண்டாவது தொகுதி போன பிறகுதான் புகார்கள் வர ஆரம்பித்தன. ஓடிக்கொண்டிருக்கும் பம்ப் திடீரென்று அணைகிறது. தானே மறுபடி எழுந்து, மருந்து எவ்வளவு என்று புதிதாகக் கேட்கிறது. ஒரு முறை நர்ஸ் தற்செயலாகப் பக்கத்தில் நின்றதால் ஒரு நோயாளி தப்பினார்.

“பவர் சப்ளை யாரு டிசைன்?” என்று மீட்டிங்கில் மேனேஜர் கேட்டார். தெரிந்தே கேட்டார்.

“என்னோடதுதான் சார்.”

“மூணு வாரம். அதுக்குள்ள கண்டுபிடிங்க. இல்லன்னா வெளியிலேருந்து ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும்.”

மேஜைக்கு அடியில் சோடா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். “பாத்துக்கலாம்டீ. நான் இருக்கேன்ல?”

பம்ப்பின் மோட்டார் கிளம்பும் நொடியில் ஏராளமான மின்சாரத்தை இழுக்கும். அப்போது, கருவியின் மூளைக்குப் போகும் 3.3 வோல்ட் சரிந்துவிடாமல் தாங்க, மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் ஒரு பெரிய கெபாசிட்டர் உண்டு. எங்கோ அந்த 3.3 சரிகிறது என்று அவளுக்கு முதல் நாளே தோன்றிவிட்டது. ஆனால் அவள் மேஜையில் ஒரு பம்ப்பும் அணைய மறுத்தது. வோல்ட்டைக் கோடாகக் காட்டும் ஸ்கோப்பின் திரையில் கோடு அசையாமல் ஓடியது. அடாப்டரைச் சந்தேகப்பட்டுப் பத்து அடாப்டர் மாற்றினாள். பேட்டரியைப் பார்த்தாள். போர்டின் கிரவுண்டைப் பார்த்தாள். கெபாசிட்டரைக்கூடக் கழற்றி அளந்தாள். மேலே கொள்ளளவு 470 என்று போட்டிருந்தது, மீட்டரும் 470 என்றது.

“ரெகுலேட்டர் சூடாகுதோ என்னவோ. அதைப் பாரேன்,” என்றாள் சோடா. மறுநாள் வீட்டிலிருந்து தன் ஹேர் டிரையரையும் எடுத்து வந்தாள். நான்கு நாள் ஒருத்தி போர்டைச் சூடேற்ற, இன்னொருத்தி ஸ்கோப்பின் தொடுமுனையான ப்ரோபைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சூட்டில் பம்ப் முன்பைவிட ஜோராக ஓடியது.

மூன்றாவது வாரம் அவளே கிளம்பி ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு நர்ஸ் கையில் ட்ரேயோடு நின்றபடியே பேசினார்.

“மத்தியானம் ஒண்ணும் பண்ணாது மேடம். காலையில எடுத்து மாட்டினவுடனேதான் இந்த வம்பு.”

“எங்கேருந்து எடுப்பீங்க?”

“மருந்து வைக்கிற குளிர் ரூம்லேருந்து. வேற எடம் ஏது? உள்ள போனா நமக்கே பல்லு தந்தியடிக்கும்.”

இத்தனை நாளும் நேர் எதிர்ப்பக்கம் போயிருந்தோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆபீஸ் சாப்பாட்டு அறையின் ஃப்ரிட்ஜில் யாருடைய டப்பாவையோ நகர்த்திவிட்டுப் போர்டை வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்து மாட்டினாள். மோட்டார் கிளம்பியதும் கோடு தடாலென்று 2.6-க்கு விழுந்தது. பம்ப் அணைந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பழைய பம்ப் ஒன்றிலிருந்து கெபாசிட்டரை எடுத்துப் போட்டு மறுபடி குளிரவைத்தாள். இப்போது கோடு விழவில்லை.

இரண்டும் 470. ஒரே உயரம், ஒரே கறுப்பு உறை. ஆனால் புதியது சாதாரண ரகம். குளிர்ந்தால் அதன் உள்தடை ஏறிவிடும். கேட்ட நேரத்தில் மின்சாரத்தைக் கொடுக்காது. 470-ஐ அளக்கும் மீட்டருக்கு அது தெரியாது. அவள் தேர்ந்தெடுத்திருந்தது குளிரிலும் தாங்கும் ரகம்.

தான் போட்ட டிசைனாயிற்றே என்று அதுவரை பழைய அச்சுப்பிரதியை வைத்துத்தான் தேடியிருந்தாள். முதல் முறையாகக் கம்ப்யூட்டரில் இருந்த கோப்பைத் திறந்தாள். கெபாசிட்டர் போன வருடம் மாற்றப்பட்டிருந்தது. மாற்றியவர் என்ற இடத்தில் அவள் பெயரே இருந்தது.

தேதியைப் பார்த்தாள். அன்று அவள் ஆபீசிலேயே இல்லை. அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். அவள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சோடா போன் செய்தாள். ‘ஒரு டிராயிங்கை உடனே அனுப்பணும்டீ, உன் பாஸ்வேர்டைச் சொல்லு. நீ அப்பாவைக் கவனி, இதெல்லாம் நான் பாத்துக்கறேன்.’ இப்படி ஒருத்தி வாய்த்தாளே என்று அன்று அவள் அழுதிருக்கிறாள்.

இரண்டு கெபாசிட்டரையும் சோடாவின் மேஜையில் வைத்தாள்.

“மாத்தினது நீதானே?”

சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “பழைய ரகம் வர எட்டு மாசம் ஆகும்னு சப்ளையர் சொல்லிட்டான்டீ. தயாரிப்பு லைன் நின்னுபோச்சுன்னு மேனேஜர் கத்தினாரு. அதே 470, அதே சைஸ், என்ன ஆயிடப்போகுதுன்னு…”

“சரி, அது தப்பு. யாருக்கும் வரும். புகார் வந்த அன்னிக்கே உனக்குத் தெரியுமா?”

சோடா கெபாசிட்டர் ஒன்றை எடுத்து விரலில் உருட்டினாள்.

“தெரியுமாடீ?”

“இதுவா இருக்குமோன்னு தோணுச்சு.”

“ப்ரோபைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துலயே நின்னியே. ஹேர் டிரையரைக் கொண்டுவந்து குடுத்ததே நீதானே.”

“சொல்லிடணும்னு தினம் நெனப்பேன். முதல் ரெண்டு நாள் சொல்லல. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியல.”

அவள் அறிக்கை எழுதி மேனேஜரிடம் கொடுத்தாள். எந்தப் பாகம், என்றைக்கு, யார் மாற்றியது எல்லாம் இருந்தது. பாஸ்வேர்டைக் கொடுத்தது தன் தவறு என்றும் எழுதியிருந்தாள். படித்து முடித்து மேனேஜர் நிமிர்ந்தார்.

“என்னம்மா இது? போன வாரம்தானே அந்தம்மா வந்து உங்களுக்காகப் பேசினாங்க. அப்பாவுக்கு முடியாமப் போனதுலேருந்து அவளுக்குக் கவனம் சிதறிடுச்சு, டிசைன்ல தப்பு வந்திருக்கும், பாவம், ஒண்ணும் சொல்லிடாதீங்கன்னு.”

அதுவரை, சோடா பயந்துவிட்டாள், வாய் வரவில்லை என்று அவள் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் வந்திருக்கிறது. படுத்த படுக்கையாய்க் கிடந்த அப்பாவை எடுத்து முன்னால் வைத்துப் பேசியிருக்கிறாள். வார்டில் அப்பாவுக்குத் தலையணை கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான்.

பம்ப்புகள் எல்லாம் திரும்பி வந்தன, கெபாசிட்டர்கள் மாற்றப்பட்டன, புகார் நின்றது. பாஸ்வேர்டு கொடுத்ததற்காக அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேனேஜர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சோடா தன் கடிதம் வருவதற்குள் வேலையை விட்டுவிட்டாள்.

“பதினெட்டு வருஷப் பழக்கம். விட்டுத் தள்ளேன்,” என்றான் அவள் கணவன்.

“அதனாலதான் முடியல.”

ஆறு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது சோடாவிடமிருந்து போன். புதுக் கம்பெனியில் ஒரு போர்டு, மோட்டார் கிளம்பும்போதெல்லாம் ஸ்கோப்பில் கோடு தாறுமாறாகத் துள்ளுகிறது, யாருக்கும் பிடிபடவில்லை என்றாள். அவள் கேட்டுக்கொண்டாள். ப்ரோபின் கிரவுண்ட் ஒயரைச் சின்னதாக்கிப் பார்க்கச் சொன்னாள். மோட்டாருக்குப் போகும் பாதையைத் தனியாகப் பிரிக்கச் சொன்னாள். நோயாளிகள் யாருக்காவது அந்தக் கருவி போகிறதா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றாள் சோடா.

“அப்பா எப்படி இருக்கார்டீ?”

“வேற ஏதாவது போர்டைப் பத்திக் கேக்கணுமா?” என்றாள் அவள்.

“இல்ல,” என்றாள் சோடா. அவள் போனை வைத்துவிட்டு வாளியிலிருந்த மிச்சத் துணியைப் பிழிய ஆரம்பித்தாள்.